செத்த மாஸ்டருக்கு ஒரு திருத்தம்

புலிலேகா, லம்பாசா
11 பிப்ரவரி 1996

அன்புத் தங்கை கோவிந்தம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணி லிங்கம்மாவும் இரண்டு பசுக்களும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை தங்கவேலுக்குச் சர்க்கரை குறைந்ததா? "கரும்பு ஊர்ல பொறந்தவருக்குச் சர்க்கரை வராம வேற என்ன வரும்?" என்கிறாள் லிங்கம்மா. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒரு பெரிய செய்தி. நம் ரேடியோ அறிவிப்பாளர், ஊருக்கெல்லாம் அண்ணனான கிலாவன் பையா லம்பாசாவுக்கு வருகிறார்! ஆகஸ்டு பதினேழாம் தேதி சங்க மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. ரேடியோவிலேயே நேரடியாக ஒலிபரப்பப் போகிறார்களாம். வரவேற்புரை என்னுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வேறு என்ன வேலை என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த மனிதரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உதாரணத்துக்கு ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பத்துக்கு வைனிகோரோவிலிருந்து ஒரு குடும்பம் அறுபத்தொரு பெயர் எழுதி அனுப்பியது. பையா ஒரு பெயரையும் விடாமல் படித்தார். பாட்டுக்கு அரை நிமிஷம்தான் மிஞ்சியது. "பாட்டை அடுத்த வாரம் கேளுங்க, இந்த வாரம் சொந்தக்காரங்களைக் கேட்டாச்சு" என்றார்.

அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அவர் எனக்குச் செய்ததும் உனக்குத் தெரியும். 1971 ஜூனில், மதியச் செய்தி முடிந்து மரண அறிவிப்பு வாசித்தபோது, நான் இறந்துவிட்டதாக நாடு முழுக்கச் சொன்னாரே! இருபத்தைந்து வருஷமாக ஊருக்கு நான் 'செத்த மாஸ்டர்'. போன வருஷம் என் ஓய்வு விழாவில் கல்வி அதிகாரி மேடை ஏறி, "நம் அன்புக்குரிய செத்த மாஸ்டர் அவர்களே" என்று மரியாதையாகவே ஆரம்பித்தார். அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறார். மண்டபம் சிரித்த சிரிப்பில் என்னால் நன்றியுரை சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் பாடம் சொன்னதற்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

அதற்கு இந்த மேடையில் அவரிடம் விளக்கம் கேட்கப் போகிறேன். உனக்கு நினைவிருப்பதை எழுது, உரையில் சேர்க்கிறேன்.

உன் அன்பு அண்ணன்,
கிஷ்டப்பா

*

லிவர்பூல், சிட்னி
24 மார்ச் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி. முழங்காலால் எழுதுவதில்லை என்று நீ சொல்வாய். ஆனாலும் வலி.

இங்கே அனைவரும் நலம். பின்கட்டில் கறிவேப்பிலைச் செடி இடுப்புயரம் வந்துவிட்டது. அண்ணியிடம் சொல்.

கிலாவன் பையாவை மறக்க முடியுமா? மைக்குக்கு முன்னாலேயே பஜியா தின்பாரே. "சகோதர சகோதரிகளே, ஒரு நிமிஷம், சட்னி காரம்" என்று சொல்லித் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட நமக்குக் கேட்கும். "ரேடியோவைக் கொஞ்சம் மெதுவா வைங்க, நம்ம மாடு பயப்படுது" என்பார். சுவாவில் ஸ்டுடியோவுக்குள் மாடு ஏது என்று நான் கேட்டதற்கு, நீ ரொம்ப யோசித்து, "ஜன்னல் பக்கம் இருக்கலாம்" என்றாய்.

மரண அறிவிப்புக்கு மட்டும் அவர் குரல் கீழே இறங்கிவிடும். "தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று சொல்லி ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுத் தங்கள் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் உரையில் சேர்த்துக்கொள், அண்ணா. மற்றதை விட்டுவிடேன். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பாராட்டக் கூப்பிட்டுவிட்டு ஒரு வயதானவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது நன்றாகவா இருக்கும்? நீ செத்தவன் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்புடன்,
கோவிந்தம்மா

*

புலிலேகா
9 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மாட்டு விஷயத்தை உரையில் சேர்த்துவிட்டேன். மற்றதை விட மாட்டேன்.

நீ ஆஸ்திரேலியா போய்ப் பலவற்றை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்திருந்தேன். கையில் ரொட்டி. நீ பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாய். பையா படித்தார்: "புலிலேகாவின் ஒப்பற்ற ஆசிரியரும், குழந்தைகளின் கண்கண்ட தெய்வமும், அழகிய கையெழுத்துக்குப் புகழ்பெற்றவருமான கிஷ்டப்பா நாயக்கர் காலமானார். இறுதி ஊர்வலம் இன்று மூன்று மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும்." நீ பருப்பை என் கையில் ஊற்றினாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவிப்பு நல்ல நடையில் இருந்தது. யார் எழுதியிருந்தாலும் என்னை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

இரண்டரை மணிக்குள் மூன்று லாரி வந்துவிட்டது. நான் வாசலில் நின்று, "ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்" என்றேன். வைனிகோரோவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "எங்களுக்குத் தெரியும்ப்பா. அண்ணன் போன துக்கத்துல உனக்குப் புத்தி கலங்கியிருக்கு. யாராச்சும் தண்ணி குடுங்க" என்றார்.

அதே லாரியில்தான் லிங்கம்மா வந்தாள். என்னைப் பார்த்ததே இல்லை, ஆனால் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். விஷயம் தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் இவ்வளவு நேரம் அழுததுக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று. அந்தக் கேள்வியை இன்னும் நிறுத்தவில்லை.

பக்கத்துக் கிராமத்து இலியேசா பெரிய பாய் ஒன்றும் டாலோக் கிழங்கு இரண்டு கட்டும் கொண்டுவந்து துக்க முறைப்படி சமர்ப்பித்தார். திருப்பிக் கொடுத்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல மாஸ்டர். வச்சுக்கோங்க, என்னிக்காவது தேவைப்படும்" என்றார். இன்றும் அந்தப் பாயில்தான் படுக்கிறேன்.

பள்ளிக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் கைதட்டியது வீடு வரை கேட்டது.

தவறு மனிதனுக்கு வருவதுதான். நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. ஏன் ஒரு திருத்தம் வாசிக்கவில்லை? "மேற்படி ஆசிரியர் உயிருடன் உள்ளார்" என்று ஒரு வரி. ஏழு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறு நிகழ்ச்சியிலேயே அவரைக் காணோம். இரண்டு வருஷம் கடல் ஏற்றவற்ற நேரம் வாசித்துக்கொண்டிருந்தார். நமக்குப் படகும் இல்லை, பக்கத்தில் கடலும் இல்லை. அந்தக் குரலுக்காக நான் தினமும் அதையும் கேட்டேன்.

அன்புடன்,
கிஷ்டப்பா

*

லிவர்பூல், சிட்னி
2 மே 1996

மரியாதைக்குரிய கிலாவன் பையா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சுவாவில் இருக்கும் என் தோழி உங்கள் விலாசத்தைக் கொடுத்தாள்.

நான் 1971இல் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியவள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உங்களுக்கு லட்சம் கடிதம் வந்திருக்கும். என்னுடையது கண்ணீர்க் கறையோடு இருந்திருக்கும்.

எங்கள் வீட்டு முனையில் தினமும் ஒரு பஸ் மூன்று முறை ஹாரன் அடிக்கும். டிரைவர் பெயர் தங்கவேல். நான் ஜன்னலுக்கு வருவேன். அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் இல்லை, பேச்சுக்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்காக ஒரு பாட்டுப் போடச் சொல்லி உங்களுக்கு எழுத நினைத்தேன். விருப்ப அட்டை தீர்ந்துவிட்டது. அண்ணனின் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால், "மூன்று முறை ஹாரன் அடிப்பவருக்கு, ஜன்னலில் நிற்பவளிடமிருந்து" என்று எழுதி அனுப்பினேன். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை.

முன்பக்கம் மரண அறிவிப்புப் படிவம். எழுதத் தெரியாத ஊர்க்காரர்களுக்கு அண்ணன்தான் அதை நிரப்பிக் கொடுப்பார். பள்ளியிலும் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பார். எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும் அவருக்கு. வேறு யார் பெயரை எழுதினாலும் அபசகுனம் என்று தன் பெயரையே எழுதி நிரப்பி வைத்திருந்தார். நீங்கள் படித்த ஒப்பற்ற ஆசிரியர், கண்கண்ட தெய்வம் எல்லாம் அவரே தன்னைப் பற்றி எழுதியது. அவருக்கே அது நினைவில்லை. 'யாரோ என்னைப் புரிந்துகொண்டவர்' என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சி எழுதினேன். நீங்கள் சொல்லவில்லை. பிறகு உங்கள் குரல் கடல் ஏற்றவற்றத்துக்குப் போய்விட்டது. ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஒரு நன்றிகூட எழுதவில்லை.

பையா, இப்போது அண்ணன் அந்த விழா மேடையில் உங்களைக் கேள்வி கேட்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து போகாதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடன்பட்ட சகோதரி,
கோவிந்தம்மா தங்கவேல்

*

சுவா
20 மே 1996

அன்புச் சகோதரிக்கு,

ஆசீர்வாதம். எனக்கு எழுபத்தொரு வயது. பல் கட்டியிருக்கிறேன், சில எழுத்துகளுக்கு அது விசில் அடிக்கிறது. மற்றபடி பாகங்கள் எல்லாம் இருக்கின்றன.

முதலில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன், கடைசியில் 'தங்கவேல்' என்று இருந்தது. பஸ் நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் சொல்லல? அந்தப் பொண்ணு கட்டியிருப்பான்னு" என்றாள். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கு. இன்று அவள் ஜெயித்தாள்.

திருத்தம் வாசிக்க நான் தயாராகத்தான் இருந்தேன். அப்போது நிலையத்தில் ஒரு விதி. திருத்தம் வாசித்தால், அந்த அறிவிப்பை யார் அனுப்பினார்கள், எப்படித் தவறு வந்தது என்றும் சேர்த்து வாசிக்க வேண்டும். உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. "எப்படி வந்தது?" என்று மேலதிகாரி கேட்டார். "என் கவனக்குறைவு" என்றேன். கடலுக்கு அனுப்பினார்கள். வருத்தப்படாதீர்கள். நேயர் விருப்பம் செய்தபோது தினமும் புகார் வரும். கடல் இரண்டு வருஷத்தில் ஒரு புகாரும் எழுதவில்லை.

உங்கள் அண்ணனின் ஏழு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. ஆறு பக்கம் திட்டியிருப்பார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி, 'ஞாயிறு நிகழ்ச்சி நன்றாக இருந்தது.' ஞாயிறு போன பிறகு, 'ஏற்றவற்றம் தெளிவாக இருந்தது.' அப்படிப்பட்டவரை எப்படிப் பார்க்காமல் இருப்பது? நாற்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரின் மரணத்தைப் படித்திருக்கிறேன். அதில் என்னால் நேரில் போய்க் கைகுலுக்க முடிகிறவர் அவர் ஒருவர்தான்.

அதனால் போகிறேன். அவர் கேட்கட்டும். பழையபடி என் கவனக்குறைவு என்பேன். கொடுத்த வாக்குக்குக் காலாவதித் தேதி போடுவது என் பழக்கமில்லை. நீங்களே சொல்ல விரும்பினால் அது அண்ணன் தங்கை விஷயம்.

உங்கள் பையா,
ராம்கிலாவன்

*

புலிலேகா
3 ஜூன் 1996

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கால் எப்படி? கையும் வலிக்க ஆரம்பித்துவிட்டதா? இங்கே ஆலை திறக்கும் நாள் நெருங்குகிறது. தெருவெல்லாம் லாரி.

பையா வருவதாக எழுதிவிட்டார்! என் உரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் நான்கு பக்கம் பாராட்டு, அடுத்த பத்து பக்கம் கேள்வி. நேற்று லிங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மனுஷன் நிஜமாவே போயிடுவாரு. அப்புறம் அதுக்கு யாரு அறிவிப்பு வாசிக்கறது?" என்றாள்.

"என் பேரு போச்சேடி."

"பேரு போச்சு, பொண்டாட்டி கெடைச்சா. அவர் மட்டும் அன்னிக்கு வாசிக்கலைன்னா எனக்கு நீங்க யாரு? அவருக்கு மாலை போடணும் நீங்க."

"மாலை முதல்ல. கேள்வி அப்புறம்."

அவள் முறத்தைத் தட்டிய தட்டலில் பாதி அரிசி கோழிக்குப் போயிற்று.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் மௌனம் எனக்குப் பழக்கமில்லை.

அன்புடன்,
கிஷ்டப்பா

*

லிவர்பூல், சிட்னி
25 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? குளிர் ஆரம்பித்துவிட்டது. அவர் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ எப்போதும் உதாரணம் சொல்வாய். நானும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பாத்திரம் உடைகிறது என்று வைத்துக்கொள். பழி பக்கத்து வீட்டுப் பூனை மேல் விழுகிறது. பூனையும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறது. ஆனால் உடைத்தது வீட்டுக்குள்ளேயே இருப்பவர், தெரியாமல் உடைத்தார். இருபத்தைந்து வருஷம் கழித்துத் தெரிந்தால் நீ என்ன செய்வாய்?

அண்ணியையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
கோவிந்தம்மா

*

புலிலேகா
10 ஜூலை 1996

அன்புத் தங்கைக்கு,

பாத்திரம் ஏதாவது உடைந்துவிட்டதா? மாப்பிள்ளை உடைத்திருந்தால் விட்டுவிடு, நல்ல மனிதர். உனக்கு நான் தேடிப் பிடித்த மாப்பிள்ளை அல்லவா? அந்தக் காலத்தில் எத்தனை வரன் வந்தது! மூன்று வருஷம் நம் வீட்டு முனையில் அதே நேரத்துக்கு, அதே மூன்று ஹாரன். 'இப்படி நேரம் தவறாதவன் பெண்டாட்டியை எப்படிக் கைவிடுவான்?' என்று யோசித்து நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். நீ குனிந்த தலை நிமிராமல், "உன் இஷ்டம் அண்ணா" என்றாய். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவு அது.

இப்போது முக்கியமான விஷயம். அந்த அறிவிப்பை அனுப்பியது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்! தேஜ்பால் மாஸ்டர். என்னோடு நான்காம் வகுப்பு எடுத்தவன், நினைவிருக்கிறதா? என் கையெழுத்தின் மேல் அவனுக்குப் பொறாமை. 'அழகிய கையெழுத்துக்குப் புகழ்பெற்றவர்' என்ற வரியைக் கவனி. அது கிண்டல். இத்தனை வருஷம் அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன். நேற்று கடைத்தெருவில், "தேஜ்பால், நீ மரண அறிவிப்புப் படிவம் நிரப்பியிருக்கியா?" என்று கேட்டேன். "இன்னும் நேரம் வரல மாஸ்டர், வந்தா உங்ககிட்டதான் வருவேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே சாட்சி.

விழாக்குழுவில் அவன் பொருளாளர். முன்வரிசையில் இருப்பான். பையாவிடம் கேட்டு முடித்ததும், அவனை எழுந்து நிற்கச் சொல்லப் போகிறேன். உரை பதினெட்டு பக்கம் ஆகிவிட்டது.

அன்புடன்,
கிஷ்டப்பா

*

லிவர்பூல், சிட்னி
1 ஆகஸ்டு 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். விழாவுக்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தேஜ்பால் மாஸ்டரை எழுந்து நிற்கச் சொல்லாதே. அவர் எதுவும் செய்யவில்லை.

அண்ணா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

உன் மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்தது நான். அது நீ வகுப்புக்கு உதாரணமாக நிரப்பி வைத்தது. அதில் இருந்தது உன் எழுத்து, உன் நடை. பின்பக்கத்தில் நேயர் விருப்பம் எழுதி அனுப்பினேன். விருப்பம் யாருக்கு என்றால், மூன்று முறை ஹாரன் அடித்தவருக்கு. நீ கேட்டபோது நான் தலை குனிந்தது வெட்கத்தால் இல்லை, சிரிப்பை அடக்க.

திருத்தம் வாசித்தால் என் பெயரும் வெளியே வந்துவிடும் என்பதால்தான் பையா வாசிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். அதனால்தான் அவர் கடலுக்குப் போனார்.

எனக்காக ஒருவர் தன் நிகழ்ச்சியை இழந்தார், நீ உன் பெயரை இழந்தாய். நான் ஒன்றையும் இழக்கவில்லை. ஜன்னலில் நின்றவள் வீட்டுக்குள் பஸ் வந்துவிட்டது. மேடையில் என் பெயரையே சொல். ரேடியோவில் எல்லோரும் கேட்கட்டும். எனக்கு நாற்பத்துநான்கு வயது, இனி யார் என்ன செய்ய முடியும்? நீ மட்டும் கடிதத்தை நிறுத்திவிடாதே.

உன்
கோவிந்தம்மா

*

புலிலேகா
19 ஆகஸ்டு 1996

அன்புத் தங்கை கோவிந்தம்மாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நான் உயிருடன் இருக்கிறேன். அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய காரணம் கீழே வரும்.

உன் விரைவுத் தபால் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. முதல் சில வரிகள் நன்றாக இருந்தன. தேஜ்பால் ஒன்றும் செய்யவில்லை என்பது வரை படித்தேன். 'அண்ணா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்' என்பதற்குப் பிறகு மழையில் நனைந்து மை முழுக்கக் கரைந்துவிட்டது. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. நீ மறுபடி எழுத வேண்டாம். அவ்வளவு முக்கியமாக ஒன்றும் இருந்திருக்காது.

விழா பிரமாதம். மண்டபத்துக்குள் எண்ணூறு பேர், வெளியே அதற்கு மேல். பையா ஒல்லியாக இருக்கிறார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மாலை போட்டேன். மாட்டைப் பற்றிச் சொன்னேன், பஜியாவைப் பற்றிச் சொன்னேன். நான்காம் பக்கம் முடிந்ததும் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். நான் கேட்கப் போகிறேன் என்று ஊருக்கே தெரியும். பையா தானாகவே எழுந்து நின்று, கைகூப்பி, "மாஸ்டர், அது என் கவனக்குறைவு" என்று ஆரம்பித்தார்.

"உட்காருங்க பையா" என்றேன். மீதிப் பக்கங்களை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு மைக்கில் உண்மையைச் சொன்னேன். அந்த மரண அறிவிப்பை எழுதியது நான்தான். வகுப்புக்கு உதாரணமாக என் பெயரையே போட்டு நானே நிரப்பினேன். இரண்டு நாள் முன்பு எனக்குத் தானாகவே நினைவு வந்தது. மேசை மேல் இருந்த தாள் காற்றில் பறந்து ரேடியோ நிலையத்துக்குப் போய்விட்டது என்றேன்.

தேஜ்பால் முன்வரிசையிலிருந்து எழுந்தான். "காத்து அதைக் கவர்ல போட்டு, ஸ்டாம்பும் ஒட்டுச்சா மாஸ்டர்?"

"லம்பாசா காத்து அப்படித்தான்" என்றேன்.

"அப்ப ஒப்பற்ற ஆசிரியர், கண்கண்ட தெய்வம், அதெல்லாம்?"

"உதாரணம்" என்றேன்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஓய்வு விழாவில் சிரித்த அதே ஆட்கள்தான். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன். பையா என் கையைப் பிடித்துக்கொண்டார், நெடுநேரம் விடவில்லை. காதருகே, "ஏற்றவற்றம் தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டார். "ரொம்பத் தெளிவு" என்றேன்.

பிறகு அவரே மைக்கை வாங்கி, இருபத்தைந்து வருஷத்துக்குப் பின் திருத்தத்தை வாசித்தார். அந்தப் பழைய குரலில், நிறுத்தி நிதானமாக: "புலிலேகாவின் ஒப்பற்ற ஆசிரியர் கிஷ்டப்பா நாயக்கர் பற்றித் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..." இடைவெளி விட்டார். நானே ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். "...அவர் உயிருடன் இருக்கிறார்."

கோளாறு அந்த இடைவெளியில்தான். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள்ளேயே எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு லாரி. இலியேசாவின் மகன் புதுப் பாய் ஒன்றோடு நிற்கிறான். லிங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "உயிரோடதான் இருக்காரு. போன தடவையும் இப்படித்தான். வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கொண்டுவந்த யங்கோனா வேர்ப்பொடியை அங்கேயே தண்ணீரில் கரைத்து, சிரட்டை சிரட்டையாகக் குடித்து, என்னைப் பற்றி நல்ல வார்த்தைகள் பேசினார்கள். உட்கார்ந்து கேட்டேன். எல்லாருக்கும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. பையாவும் அதே பாயில் உட்கார்ந்து ஐந்து சிரட்டை குடித்தார்.

இன்று காலை பால் வாங்க வந்த பெண் குழந்தை, "ரெண்டு தடவை செத்த மாஸ்டர், வணக்கம்" என்றது. வணக்கம் சொன்னேன்.

மாப்பிள்ளை தங்கவேலை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். அவரை உனக்குத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். அதில் மட்டும் எந்தத் திருத்தமும் கிடையாது.

உன் அன்பு அண்ணன்,
கிஷ்டப்பா

கோவிந்து, கடிதத்தை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. — லிங்கம்மா